மனதில் நிற்காத மெட்டு

பல் டாக்டரின் கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமை பல் பிடுங்குவதில்லை. அன்றைக்கு எங்கள் மானத்தைத்தான் பிடுங்குவார்கள்.

மதியம் மூன்று மணிக்கு டாக்டர் முன்கதவில் 'மூடப்பட்டது' அட்டையை மாட்டிவிட்டு, நோயாளிகள் உட்காரும் பெஞ்சைச் சுவரோரம் தள்ளி, மூலையில் போர்வைக்குள் இருக்கும் பியானோவைத் திறப்பார். அவருடைய அத்தை விட்டுப்போன பியானோ அது. வீட்டில் வைக்க இடமில்லை, விற்க மனசில்லை. அந்த மருந்து வாசனைக்கு நடுவில்தான் பதினாலு வருஷமாக நாங்கள் ஐந்து பேர் சொந்தமாக எழுதிய கிளாசிக்கல் உருப்படிகளை வாசித்துக் கேட்டு, பிறகு கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருக்கிறோம். டாக்டர், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் டீச்சர், பேக்கரிக்காரர், என் தங்கச்சி வீட்டுக்காரர், நான். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். எங்களில் ஒருவருக்கும் சங்கீதம் சோறு போட்டதில்லை. போடாததாலோ என்னவோ, அதன்மேல் இத்தனை கிறுக்கு.

எங்கள் கூட்டத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. எழுதியவர் தாளில் பெயர் போடக்கூடாது. கிளினிக் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். டீச்சர்தான் எடுத்து வாசிப்பார். புதுத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் கை அவருக்கு மட்டுமே உண்டு. பிறகு ஆளாளுக்கு அபிப்பிராயம். எழுதியவரும் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். தன் உருப்படிக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து தன் பிள்ளையைத் தானே எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். நானே திட்டியிருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, எழுதியவர் இஷ்டமிருந்தால் என்னுடையது என்று கை தூக்கலாம். தூக்காமலும் வீட்டுக்குப் போகலாம். கை தூக்காத தாள்கள் அநாதையாக உள்ளறை அலமாரியில் போய்ச் சேரும். யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பது என் பொறுப்பு. நான் சுருக்கமாக எழுதுகிறவன். சுருக்கி எழுதினால் கொஞ்சம் கொடூரமாகத்தான் வரும், என்ன செய்ய.

நாலு வாரத்துக்கு முன்னால் பெட்டியிலிருந்து இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று நாலு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய உருப்படி ஒன்று வந்தது. டீச்சர் அதைப் பியானோவுக்குச் சுருக்கி வாசித்தார். வாசித்து முடித்ததும் வழக்கமாக முதலில் பாயும் டாக்டர் பாயவில்லை. டீச்சர் யாரும் கேட்காமலே இன்னொரு தரம் வாசித்தார். பேக்கரிக்காரர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். கடைசியில் என் மாப்பிள்ளை கை தூக்கினார். எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

நகரத்து வாத்தியக் குழு வருஷத்துக்கு ஒரு தரம் உள்ளூர்க்காரர் எழுதிய புது உருப்படி ஒன்றை மேடையில் வாசிப்பது வழக்கம். நாங்கள் அனுப்பினோம், எடுத்துக்கொண்டார்கள். பதினாலு வருஷத்தில் எங்களில் ஒருவருக்குக் கிடைத்த முதல் மேடை. கூடவே ஒரு படிவம் வந்தது. 'இந்த உருப்படி முழுவதும் என் சொந்தக் கற்பனை. வேறெங்கிருந்தும் எடுக்கப்பட்டதல்ல' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மதியத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஊர்க்காரருக்குப் போய்விடும்.

கெடுத்தது டாக்டரின் பாராட்டுதான். கைகுலுக்கும்போது, கேட்ட உடனேயே ரொம்ப நாள் பழகின மெட்டு மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டார். மனுஷன் நல்ல மனசோடுதான் சொன்னார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே நின்றார். ஆனால் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இடதை வலதில் மாட்டினார். தெருமுனை வரை வந்து என்னைக் கேட்டார்: "மச்சான், பழகின மாதிரின்னா என்ன அர்த்தம்?"

எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வரும் வியாதி இது. பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்குத் தான் அடித்தது தெரியும். மெட்டு எழுதுகிறவனுக்கு அதுகூடத் தெரியாது. தலைக்குள்ளிருந்து ஒன்று வருகிறது. தானே முளைத்ததா, எப்போதோ காதில் விழுந்து கிடந்ததா என்று யார் பார்த்தார்கள். எனக்கும் இரண்டு தரம் வந்திருக்கிறது. ஆனால் என் மெட்டுகள் திருடப்பட்டவையாக இருந்தால் திருட்டுக் கொடுத்தவர்தான் வெட்கப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சரியாகிவிட்டது.

மாப்பிள்ளைக்குச் சரியாகவில்லை. ஒவ்வொருவரிடமும் பாடிக் காட்டிக் கேட்க ஆரம்பித்தார். இதைக் கேட்டிருக்கிறீர்களா, எங்காவது, சின்ன வயதிலாவது? பேக்கரியில் வரிசையில் நிற்கிறவர்களிடம் கேட்டார். துணிக்கடை லிஃப்டில் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டே, உள்ளே நின்ற பெண்களிடம் கேட்டார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எங்கே ஓடுவார்கள். பாவம், ஏழு மாடிக்கும் கேட்டார்கள். அடுக்குமாடி வாட்ச்மேன், தபால்காரர், எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ரிட்டயர்டு போலீஸ்காரர், ஒருவரும் தப்பவில்லை. எல்லாரும் இல்லை என்றார்கள். இல்லை என்றால் நிம்மதி வர வேண்டுமே, வராது. அவர்களுக்குச் சங்கீதம் தெரியாது என்பார்.

பத்து நாளில் நான் பயந்தது நடந்தது. கேட்டவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் வீட்டம்மா பன்னை அடுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். தபால்காரர் சைக்கிளில் சீட்டி அடித்துக்கொண்டு போனார். அடுக்குமாடி வாட்ச்மேனிடம் மாப்பிள்ளை இரண்டாம் தரம் கேட்டபோது, அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, ஆமாம் சார், இது பழைய மெட்டாச்சே, எங்க அம்மா பாடும் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து என் கடைக்கு ஓடி வந்தார். புழுக்கமான நாள் வேறு. அந்த மாதம் முழுக்க வானம் மூடிக்கொண்டு கிடந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. அரைக்கும் கல்லில் லென்ஸ் வழுக்கியது. நான் மிஷினை நிறுத்திவிட்டு டீச்சரைப் போனில் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கணக்குப் போடுகிறவர் அல்லவா, நிதானமாகக் கேட்டார்: வாட்ச்மேனிடம் முதல் தரம் என்றைக்குப் பாடினீர்கள்? போன செவ்வாய். இன்றைக்கு என்ன கிழமை? வியாழன். அப்புறம் என்ன, நீங்கள் ஊற்றிய தண்ணீரைத்தான் நீங்களே மொண்டு பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். வாட்ச்மேனின் அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

என் தங்கச்சி வீட்டு முன்னறையில் துணி திருத்திக் கொடுக்கிறாள். இடுப்பைப் பிடிப்பது, கையை இறக்குவது, பழைய கோட்டைப் பிரித்து அகலப்படுத்துவது. எங்கள் இருவருக்கும் சின்ன வயதில் ஒரே வாத்தியார்தான் பியானோ சொல்லிக்கொடுத்தார். சொன்னால் என்ன, அவளுக்குத்தான் கை நன்றாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை. எங்கள் கூட்டம் தொடங்கிய காலத்தில் கணவரோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம் என்பாள், நாங்களும் நம்பிவிட்டோம். வழக்கமாக உதட்டில் ஏழெட்டுக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, வாய் திறக்க முடியாததால் மூக்காலேயே ஏதோ முனகியபடி தைப்பாள். அந்த மூன்று வாரமாக நான் போன போதெல்லாம் முனகலே இல்லை. மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. புருஷன் இப்படி அலைந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் மனசு சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரம் புதன்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தங்கச்சி போன் செய்தாள். நான் போனபோது மேசைமேல் அவருடைய மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. அதில் காதுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு உரசல். ஆழமாக, பிளாஸ்டிக் உருகின மாதிரி. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கயிற்றுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாலாவது மாடியில் யாரோ அந்த மெட்டை முணுமுணுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. யார் என்று பார்க்கத் தலையை நீட்டியிருக்கிறார். பெட்டி மேலே ஏற, அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் இறங்கி வந்த எடைக்கட்டை தலையை ஒட்டிப் போயிருக்கிறது. இருபது வருஷமாகப் புதுசாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே கூரைமேல் நிற்கும்போது தலையை நீட்டாதே என்பதுதான்.

அவர் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தங்கச்சி ஹெல்மெட்டைக் கையிலெடுத்து அந்த உரசலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. சனிக்கிழமைக்குள் இந்த மனுஷனைத் தெளிய வைக்காவிட்டால் மேடையும் போகும், ஆளும் போவார் என்று தோன்றியது.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மறுநாள் சாயங்காலம் டாக்டரிடம் சாவி வாங்கி உள்ளறை அலமாரியைத் திறந்தேன். பதினாலு வருஷத் தாளையும் பார்த்துவிட்டேன், எங்கள் கூட்டத்தில்கூட இந்த மெட்டு வந்ததில்லை என்று சத்தியம் செய்யலாமே என்பது என் எண்ணம். ஒவ்வொரு தாளாக முணுமுணுத்துப் பார்த்துப் புரட்டினேன். எத்தனை குப்பை எழுதியிருக்கிறோம், அப்பா. அடியிலிருந்து நாலாவது காகிதக் கட்டில் பதினாறு தாளக் கட்டம் மட்டும் எழுதிய சின்ன உருப்படி ஒன்று வந்தது. முதல் இரண்டு கட்டத்தை முணுமுணுத்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்தேன். அப்படியே இருந்தது. இடையில் இரண்டு சுரம் இடம் மாறியதைத் தவிர அப்படியே இருந்தது.

தேதி பதினோரு வருஷத்துக்கு முந்தியது. நோட்டை எடுத்து அந்தத் தேதியைத் தேடினேன். என் கையெழுத்தில் இருந்தது:

'டாக்டர்: சாதாரணம். டீச்சர்: பதினாறு கட்டத்துக்கு மேல் போக்கிடம் இல்லை. பேக்கரி: கொட்டாவி. லிஃப்ட்: வாசல் தாண்டியதும் மறந்துவிடும். மொத்தத்தில்: மனதில் நிற்காது. கை தூக்கியவர்: இல்லை.'

தாளை மறுபடி பார்த்தேன். அந்த உருப்படியின் இரண்டு தாளையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் மூலையில் நறுக்கென்று ஒரு குத்துக் குத்துகிறவர்கள். இதை உள்ளே வெளியே என்று இரண்டு தரம் நெளித்து, முனை கையில் படாதபடி குத்தியிருந்தது. துணியின் மடிப்பை அப்படித்தான் குத்துவார்கள். வெள்ளைத் தலை வைத்த ஊசி. துரு தாளில் இறங்கியிருந்தது. என் வீட்டு ஜன்னல் திரையிலிருந்து என் கோட்டு வரை அப்படிப்பட்ட குத்தை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை மூடினேன். இப்போது என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சொன்னால் மேடை போய்விடும். சொல்லாவிட்டால் அவர் பொய்க் கையெழுத்துப் போடுவார், அல்லது போடாமலே பைத்தியமாவார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மறைக்க வேண்டியதில்லை, நினைத்தேன்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு பெரிய கறுப்புக் கோட்டின் முதுகைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து தாளை மேசைமேல் வைத்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தாள்.

"துரு பிடிச்சிருச்சே" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு வாரத்துக்கு முன்னாடி, அவர் இங்க உட்கார்ந்து எழுதிட்டிருந்தப்பவே தெரியும். முனகிக்கிட்டே எழுதினார். முதல்ல, என்னைக் கிண்டல் பண்றார்னு நினைச்சேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாவே தெரியல அண்ணா."

"சொல்லியிருக்கலாமே. மூணு வாரமா மனுஷன் படற பாட்டைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கே?"

அவள் பிரிப்பதை நிறுத்தவில்லை. நூல் நூலாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டே பேசினாள். "தபால்காரர்கிட்ட கேட்டார். வாட்ச்மேன்கிட்ட கேட்டார். இந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் அளவு குடுக்க வந்தார், அவர்கிட்டயும் கேட்டார், இதோ இந்த இடத்துல நின்னு. நான் பக்கத்துல டேப்பைப் பிடிச்சிட்டு நிக்கறேன். என்கிட்ட மட்டும் கேக்கல. இன்னைக்குக் கேப்பார், நாளைக்குக் கேப்பார்னு இருந்தேன். கேட்டா சொல்லணும்னு வாயில வச்சிட்டே இருந்தேன்."

"ஹெல்மெட்டைப் பார்த்த அப்புறமாவது..."

"அன்னைக்கு நானே வாயைத் திறந்தேன். 'இந்த மெட்டு விஷயமா ஒண்ணு சொல்லணும்'னேன். 'நீ சும்மா இரு, உனக்கு இதெல்லாம் புரியாது'ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்? செத்துகித்துப் போயிருந்தா என்னால தானேன்னு ரெண்டு நாளா வயித்துல சோறு இறங்கல."

நோட்டில் எழுதியவன் நான்தானே. அன்றைக்கு ஏன் கை தூக்கவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அண்ணன் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்ன அப்புறம் யாரு கை தூக்குவா?" என்றாள்.

வாசலில் கருவிப்பை இறங்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். என்னைப் பார்த்து, வாங்க மச்சான் என்று பழக்கத்தில் சொன்னார். மேசையைப் பார்த்தார். குனிந்து தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. மூன்றாவது கட்டத்தில் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் என்னால் மறக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டீர்களா, இதேதான், நான் பைத்தியமில்லை, எனக்குத் தெரியும் என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் கேட்டார்: "யாரோடது?"

நான் தாளின் மூலையைக் காட்டினேன். அவர் ஊசியைத் தொட்டுப் பார்த்தார். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் வாயில் அந்நேரம் நாலு ஊசி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்.

"வாசல் தாண்டியதும் மறந்துடும்னீங்க" என்றாள்.

அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துணி எதுவும் நசுங்குகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் பதினோரு வருஷமாக இதைத்தான் ஊசியைக் கவ்விக்கொண்டு முனகியிருக்கிறாள். வீட்டுக் கடிகாரச் சத்தம் மாதிரி அவருக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கும்தான் எத்தனை தரம் காதில் விழுந்திருக்கும். ஒரு தரமாவது என்ன பாட்டு அது என்று கேட்டேனா?

படிவம் வேண்டாம், நாளைக்கே எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கிவிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. அவளுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"வாபஸ் வாங்கினா எனக்கென்ன வந்தது? மறுபடியும் அலமாரிக்குத்தானே? டீச்சர் அன்னைக்குச் சொன்னது நிஜம். பதினாறு கட்டத்துக்கு மேல எனக்குப் போக வழி தெரியல. நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. நடுவுல அந்தக் கனமான செல்லோ மட்டும் தனியா வருதே, அது உங்களுது. அதைக் கேட்டு நானே தையலை நிறுத்தினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா பன்னிரண்டாவது கட்டத்துல ரெண்டு சுரத்தை மாத்திக் கெடுத்துட்டீங்க. அங்க அவசரமே கூடாது. அந்த இடத்துல நின்னு திரும்பிப் பார்க்கணும். அடுத்தது..."

அது வந்து, நான் எதுக்கு மாத்தினேன்னா, என்று அவர் ஆரம்பித்தார்.

"வக்காலத்து வாங்கக் கூடாது" என்றாள்.

அவர் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அந்த உருப்படியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டாள், மடியில் கிடந்த கோட்டு மாதிரியே. எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது, எங்கே இரண்டாம் வயலின் சும்மா நிற்கிறது. பதினோரு வருஷமாகச் சேர்ந்திருந்த பேச்சு. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தத் தடவை சுருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்தத் தையல் அறையிலிருந்தே வாத்தியக் குழு ஆபீசுக்குப் போன் செய்து கேட்டோம். இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டு பேரும் அதே கோட்டில் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். மாப்பிள்ளை படிவத்துக் கோட்டின் பின்பாதியில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை அவள் பக்கம் நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அச்சடித்த வரியைப் படித்தாள். இரண்டாம் தரம் படித்தாள். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவள் நெற்றியில் வேர்வை பூத்தது. மூன்று வாரமாக மாப்பிள்ளை முகத்தில் பார்த்த அதே கலக்கம், அப்படியே இப்போது இவள் முகத்தில். தெய்வமே, இது ஒட்டுவாரொட்டி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சின்ன வயதில் நானும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அப்போது கேட்டதா என்று என்னிடம்தான் கேட்கப்போகிறாள் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"என்னங்க" என்றாள் அவரைப் பார்த்து. "உண்மையைச் சொல்லுங்க. இதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. "பதினோரு வருஷமா, இந்த ரூம்ல. வேற எங்கயும் இல்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள். மணி பதினொன்றரை ஆகியிருந்ததால், மை காயும் வரை விசிறிக்கொண்டே நான்தான் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.